ஒரே ரோடு, ஒரே நேரம், இரண்டு கலோரிக் கணக்கு: பிட்னஸ் வாட்ச்சை எதுவரை நம்பலாம்?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், பிறகு படிக்க வருபவர்களுக்கும் புரியும். உங்கள் வீடு பெங்களூரில் எச்எஸ்ஆர் லேஅவுட், ஆபீஸ் மாரத்தஹள்ளிப் பக்கம். வாரத்தில் மூன்று நாள் சைக்கிளில் போய் வருகிறீர்கள். ஒரு வழிக்கு 11 கிலோமீட்டர், ஏறக்குறைய 40 நிமிடம். வயது 41, எடை 74 கிலோ, கையில் 4,000 ரூபாய் வாட்ச். ஞாயிற்றுக்கிழமை அல்சூர் ஏரிப் பக்கம் திருவள்ளுவர் சிலையருகே கிளம்பி, 60 கிலோ எடையுள்ள நண்பரோடு ஒரு மணி நேரத்தில் 22 கிலோமீட்டர் ஓட்டினீர்கள். உங்கள் வாட்ச் 620 கலோரி என்றது, அவருடையது 410 என்றது. அன்றைக்கு ஸ்டெப்ஸ் கணக்கு 2,100தான். இதையெல்லாம் நம்பலாமா, 30,000 ரூபாய்க்கு நல்ல வாட்ச்சாக வாங்கினால் சரியாகிவிடுமா என்று கேட்கிறீர்கள். கடைசியில், அப்பாவுக்கு 52 வயதில் ஸ்டென்ட் வைத்தார்கள் என்று போகிற போக்கில் ஒரு வரி.

இதில் மூன்று கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. வாட்ச் சரியாக அளக்கிறதா, நான் செய்கிற பயிற்சி போதுமா, என் இதயம் நன்றாக இருக்கிறதா. நடுவில் இருப்பதற்குப் பதில் எளிது: போதும். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு வேண்டும் என்கிறது. நீங்கள் ஆபீஸ் போய் வருவதே 240 நிமிடம். அதே வழிகாட்டுதலில் வாரம் இரண்டு நாளாவது தசைகளுக்கான பயிற்சியும் இருக்கிறது. சைக்கிளில் அது வராது, அந்தக் கடன் மட்டும் பாக்கி. மூன்றாவது கேள்விக்கு வாட்ச்சாலும் முடியாது, உங்களைப் பார்க்காமல் என்னாலும் முடியாது. யாரிடம் போக வேண்டும் என்று மட்டும் பின்னால் சொல்கிறேன். நான் பிசியோதெரபி படித்தவன். முழங்கால், இடுப்பு வலியோடு வரும் சைக்கிள்காரர்களைப் பார்ப்பதும், அவர்களுக்குப் பயிற்சி அட்டவணை போட்டுக் கொடுப்பதும்தான் இந்த ஊரில் பல வருடமாக என் வேலை. வாட்ச் விற்பதில் எனக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை.

வாட்ச்சுக்குள் உண்மையில் அளக்கிற கருவிகள் கொஞ்சம்தான். தோலுக்குள் வெளிச்சம் பாய்ச்சித் திரும்பி வருவதைப் பார்க்கிற சென்சார், கை அசைவைப் பிடிக்கிற சென்சார், செயற்கைக்கோள் சிக்னல் வாங்குகிற ஜிபிஎஸ், விலை கூடியதில் காற்றழுத்தமானி. மிச்சமெல்லாம் இவற்றை வைத்துப் போடுகிற கணக்கு. கலோரி, ஸ்ட்ரெஸ், விஓ2 மேக்ஸ் (உச்சக்கட்ட உழைப்பில் உடம்பு பயன்படுத்துகிற ஆக்சிஜனின் அளவு), உடம்பு தேறிவிட்டதா என்கிற மார்க் எதையும் எந்த வாட்ச்சும் அளப்பதில்லை, ஊகிக்கிறது. சென்சாரில் இருந்து எண் எவ்வளவு தள்ளிப் போகிறதோ அந்த அளவுக்குச் சந்தேகப்பட வேண்டும்.

கலோரியையே எடுத்துக்கொள்வோம், அதுதானே உங்களைக் குழப்பியது. வாட்ச்சுக்குத் தெரிந்தது உங்கள் வயது, எடை, பால், நாடித்துடிப்பு, வேகம். அதை வைத்துக்கொண்டு எவ்வளவு எரிந்தது என்கிறது. ஆட்டோவின் சத்தத்தைக் கேட்டே எவ்வளவு கேஸ் தீர்ந்தது என்று சொல்வது மாதிரிதான் இது. இன்னொரு வழி, அட்டவணை. மணிக்கு 19 முதல் 22 கிலோமீட்டர் வேகத்தில் சைக்கிள் ஓட்டினால், சும்மா உட்கார்ந்திருப்பதைப் போல 8 மடங்கு சக்தி செலவாகும் என்று உடலியல்காரர்கள் பயன்படுத்தும் பட்டியல் ஒன்று சொல்கிறது. சும்மா இருக்க ஒரு கிலோ எடைக்கு ஒரு மணி நேரத்தில் ஒரு கலோரி என்பது வழக்கமான கணக்கு. அப்படியானால் 74 கிலோவுக்கு 592. உங்கள் 620க்குப் பக்கத்தில் வந்துவிட்டது. நண்பருக்கு 480. ஆனால் அவர் வாட்ச், சும்மா இருந்தாலும் செலவாகியிருக்கும் 60ஐக் கழித்துவிட்டு சைக்கிளால் ஆனதை மட்டும் காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: 420. அவருடைய 410 அங்கே வந்துவிடுகிறது. சில வாட்ச் மொத்தத்தைக் காட்டும், சில கழித்துக் காட்டும், சில இரண்டையும் வேறு வேறு பக்கத்தில் காட்டும். அதனால் இரண்டு வாட்ச்சும் சண்டை போடுகின்றன என்று சொல்ல முடியாது. ஒரே மாதிரிச் சூத்திரத்தை இரண்டு விதமாகக் காட்டியிருக்கலாம்.

ஆனால் அந்தச் சூத்திரமே சைக்கிளுக்கு அரைகுறையாகத்தான் பொருந்தும். நடக்கும்போதும் ஓடும்போதும் எடையைத் தூக்கித் தூக்கி வைக்கிறோம், எடைக்குத் தகுந்த செலவு என்பது அங்கே சரி. சமதளத்தில் சைக்கிள் ஓட்டும்போது எடையைச் சக்கரம் தாங்குகிறது. நாம் பெரும்பாலும் காற்றோடும், கொஞ்சம் டயரின் உரசலோடும்தான் போராடுகிறோம். நிமிர்ந்து உட்காரும் சாதாரண சைக்கிளில் 22 கிலோமீட்டர் வேகத்துக்கு 100, 110 வாட் வேண்டும் என்பது என் தோராயக் கணக்கு. ஒரு மணி நேரத்துக்கு அது கிட்டத்தட்ட 390 கிலோஜூல். பெடலில் போய்ச் சேருவது நாம் எரிப்பதில் 20 முதல் 25 சதவீதம்தான், மற்றது சூடாகப் போய்விடும். திருப்பிப் போட்டால் 370 முதல் 470 கலோரி வருகிறது. சிக்னலில் நின்று நின்று கிளம்பியதற்குக் கொஞ்சம் சேர்த்துக்கொண்டாலும் 620 எனக்கு அதிகமாகவே தெரிகிறது. யார் முன்னால் ஓட்டினீர்கள், யார் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தீர்கள் என்பதும் வாட்ச்சுக்குத் தெரியாது. பின்னால் வருகிறவருக்குக் காற்றின் எதிர்ப்பு கணிசமாகக் குறையும். டயரில் காற்று இறங்கியிருந்ததா, எதிர்க்காற்று அடித்ததா, அதுவும் தெரியாது.

ஆராய்ச்சியும் இதையே சொல்கிறது. 2017இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 60 பேரை நடக்கவும் ஓடவும் நின்ற இடத்துச் சைக்கிளை மிதிக்கவும் வைத்து ஏழு வாட்ச்களைச் சோதித்தார்கள். நாடித்துடிப்பில் ஏழில் ஆறு, 5 சதவீதப் பிழைக்குள் நின்றன. கலோரியிலோ, இருப்பதிலேயே நல்லது சராசரியாக 27 சதவீதம் தவறியது, மோசமானது 93 சதவீதம். அந்த மாடல்கள் பழையவை, இன்றைய சென்சார்கள் மேலானவை என்று சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கலோரியில் இருக்கிற தகராறு சென்சாரில் இல்லை. ஒரே துடிப்பில் இருவர் எரிப்பது ஒன்றாக இருப்பதில்லை என்பதில் இருக்கிறது. அதை 30,000 ரூபாய் வாட்ச்சாலும் தாண்ட முடியாது. பெடலிலோ, பெடலைத் தாங்கும் கிராங்கிலோ பொருத்தி, மிதிக்கிற சக்தியையே அளக்கிற பவர் மீட்டர் ஓரளவு தாண்டும். அது காட்டும் கிலோஜூலை அப்படியே கலோரி என்று எடுத்துக்கொண்டால் பெரிதாகத் தப்பு வராது, காரணம் மேலே சொன்ன அந்த 20, 25 சதவீதம்தான். விலை அதிகம். ஆபீஸ் போய்வர அது வேண்டவே வேண்டாம்.

நடைமுறையில் இதனால் வருகிற கெடுதல் ஒன்றுதான். சவாரி முடிந்ததும் மசால் தோசை, வடை, காபி என்று உட்காருவது பெங்களூர் சைக்கிள்காரர்களின் ஞாயிற்றுக்கிழமைச் சடங்கு. அதில் எனக்கும் பங்கு உண்டு, குறை சொல்லவில்லை. ஆனால் வாட்ச் 620 என்றது, அதனால் 620க்குச் சாப்பிடலாம் என்று கணக்குப் போட்டால் மூன்று மாதத்தில் எடை ஏறியிருக்கும். பசிக்குச் சாப்பிடுங்கள், எடையை வாரம் ஒரு முறை மெஷினில் பாருங்கள், கலோரிப் பக்கத்தை வாட்ச்சின் முகப்பில் இருந்தே எடுத்துவிடுங்கள்.

நாடித்துடிப்புக்கு வருகிறேன். வாட்ச்சின் அடியில் மினுங்கும் பச்சை வெளிச்சத்தை ரத்தம் உறிஞ்சிக்கொள்ளும். ஒவ்வொரு துடிப்புக்கும் தோலடியில் ரத்தம் கூடிக் குறைவதால் திரும்பி வரும் வெளிச்சமும் குறைந்து கூடும், அதை எண்ணுகிறது. சும்மா இருக்கும்போதும் தூக்கத்திலும் இது நன்றாகவே வேலை செய்யும். ஸ்டான்ஃபோர்டு சோதனையில் சைக்கிளில்தான் பிழை குறைவு என்று வந்தது, ஆனால் அது அறைக்குள் ஆடாமல் நிற்கிற சைக்கிள். அவுட்டர் ரிங் ரோட்டின் சர்வீஸ் ரோட்டில் நிலைமை வேறு. பள்ளம், வேகத்தடை, ஹேண்டில் பாரை இறுக்கிப் பிடித்த கை, பிரேக்குக்காக மடங்கிய மணிக்கட்டு என்று எல்லாம் சேர்ந்து சிக்னலைக் கலைக்கும். டிசம்பர் காலையில் கை விறைத்திருந்தால் தோலடி ரத்த ஓட்டமே குறைந்துவிடும், முதல் பத்து நிமிடம் வருகிற எண்ணைக் கணக்கில் வைக்காதீர்கள். பச்சை குத்திய இடத்தின் மேல் கட்டினாலும் தடுமாறும். கறுத்த தோலில் சரியாக வராது என்று ஒரு பேச்சு உண்டு. அதில் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. 2020இல் 53 பேரிடம் செய்த ஓர் ஆய்வில் தோல் நிறத்தால் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை என்றும், ஓய்வில் இருப்பதைவிட அசையும்போது பிழை சராசரியாக 30 சதவீதம் கூடுகிறது என்றும் கண்டார்கள். நம் நிறத்தைவிட நம் ரோடுதான் பெரிய எதிரி என்று நான் நினைக்கிறேன்.

சரி செய்ய வழி இருக்கிறது. ஓட்டும்போது வாட்ச்சை மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே தள்ளி, நகராத அளவுக்கு இறுக்கிக் கட்டுங்கள், இறங்கியதும் தளர்த்திக்கொள்ளுங்கள். அதற்குமேல் துல்லியம் வேண்டுமானால் மார்பில் கட்டும் பெல்ட். அது வெளிச்சத்தைப் பார்ப்பதில்லை, இதயத்தின் மின்சாரத்தையே பிடிக்கிறது. ஃபின்லாந்தின் போலார் கம்பெனி கம்பியில்லாத துடிப்புமானியை விற்க ஆரம்பித்தது 1982இல். இன்றும் களத்தில் மற்றவற்றை இதோடுதான் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். பெல்ட்டின் உள்பக்கத்தைத் தண்ணீரில் நனைத்துக் கட்டாவிட்டால் முதல் சில நிமிடம் கண்டபடி காட்டும் என்பதைக் கடையில் சொல்ல மாட்டார்கள்.

துடிப்பு சரியாக வந்தாலும் அதை லேசு, மிதம், கடுமை என்று வாட்ச் பிரித்துக் காட்டுகிற ‘ஸோன்’ சந்தேகத்துக்குரியது. பெரும்பாலான வாட்ச் 220இல் இருந்து வயதைக் கழித்து அதுதான் உங்கள் உச்சத் துடிப்பு என்று வைத்துக்கொள்கிறது. உங்களுக்கு 179. 2001இல் வந்த இன்னொரு சூத்திரம், 208இல் இருந்து வயதின் 0.7 பங்கைக் கழிக்கச் சொல்கிறது. அதிலும் உங்களுக்கு 179தான். இரண்டும் ஒத்துப்போகிறதே என்று சந்தோஷப்பட வேண்டாம், நாற்பது வயதில் இரண்டு கோடுகளும் சந்திக்கின்றன, அவ்வளவுதான். ஒரே வயதுக்காரர்களிடையே பத்துப் பன்னிரண்டு துடிப்பு மேலே கீழே இருப்பது சாதாரணம். உங்கள் உண்மையான உச்சம் 168 ஆகவும் இருக்கலாம், 190 ஆகவும் இருக்கலாம். பேச்சுச் சோதனை இதைவிட நேர்மையானது. கூட வருகிறவரோடு வாக்கியம் வாக்கியமாகப் பேச முடிகிறது, ஆனால் பாட்டுப் பாட மூச்சு போதவில்லை என்றால் மிதமான உழைப்பு. இரண்டு மூன்று வார்த்தைக்கு ஒரு மூச்சு என்றால் கடுமையான உழைப்பு. ரத்த அழுத்தத்துக்கு அட்டினோலால், மெட்டோபிரோலால் மாதிரி மாத்திரை சாப்பிடுபவர்களுக்குத் துடிப்பையே மருந்து பிடித்து வைத்திருக்கும். அவர்கள் ஸோன் பக்கத்தைத் திறக்கவே வேண்டாம்.

ஸ்டெப்ஸ் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றும் இல்லை. கை வீசி நடப்பதைத்தான் அது எண்ணுகிறது, ஹேண்டில் பாரில் கை அசையாமல் இருப்பதால் ஒரு மணி நேர உழைப்பு அதன் கண்ணில் படாது. மாறாக, மோசமான ரோட்டில் ஸ்கூட்டரில் போனால் சில நூறு ஸ்டெப்ஸ் சும்மா விழும். பத்தாயிரம் என்ற இலக்கும் மருத்துவர்கள் கண்டுபிடித்தது இல்லை; டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்கு மறு வருடம், 1965இல், ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியோடு சேர்ந்து பரவிய எண் அது. 2019இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், சராசரி வயது 72 இருந்த பெண்களிடையே 4,400 நடைக்கே பலன் தெரிந்தது, 7,500க்கு மேல் கூடுதல் பலன் பெரிதாக இல்லை. உங்கள் வயதுக்கு அதை அப்படியே ஒட்டவைக்கக் கூடாது. ஆனாலும் ஒரு மணி நேரம் சைக்கிள் ஓட்டிவிட்டு, ராத்திரி ஹாலில் குறுக்கும் நெடுக்கும் நடந்து பத்தாயிரத்தை நிரப்ப வேண்டியதில்லை.

தூரம், வேகம், உயரம் மூன்றில் தூரம்தான் நம்பத் தகுந்தது. திறந்த வெளியில் ஜிபிஎஸ் சில மீட்டருக்குள் சரியாகச் சொல்லும். மேம்பாலத்தின் அடியிலும் மெட்ரோ தூண்களின் பக்கத்திலும், கப்பன் பார்க் மரங்களின் கீழும் கொஞ்சம் தடுமாறும். கண்ணாடிக் கட்டடங்களில் பட்டுத் திரும்பும் சிக்னலை நேர் சிக்னல் என்று எண்ணிவிடுகிறது. இரண்டு அலைவரிசையில் வாங்குகிற வாட்ச் இதைப் பெருமளவு சமாளிக்கும், விலை கூடியதில் நிஜமாகவே கிடைக்கும் நன்மைகளில் இது ஒன்று. உங்கள் விலையில் இருப்பவற்றில் பலவற்றுக்கு ஜிபிஎஸ்ஸே கிடையாது, போனில் இருப்பதைக் கடன் வாங்கும். போனைப் பைக்குள் அடியில் போட்டுவிட்டு வாட்ச்சைத் திட்டக் கூடாது. வேகத்தைப் பார்க்கும்போது ஆட்டோ பாஸ், அதாவது நாம் நின்றால் தானாகவே கணக்கை நிறுத்திவைக்கும் வசதி, போட்டிருக்கிறதா என்று கவனியுங்கள். சில்க் போர்டில் ஐந்து நிமிடம் நின்றதைக் கழித்துவிட்டு வரும் சராசரி வேகத்தை, கழிக்காத இன்னொரு நாளோடு ஒப்பிட்டுக் கவலைப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

உயரத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. காற்றழுத்தமானி உள்ள வாட்ச், அழுத்தம் குறைந்தால் மேலே ஏறிவிட்டோம் என்று எடுத்துக்கொள்ளும். பெங்களூரு உயரத்தில் அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தின் அலகு) குறைந்தால் ஏறக்குறைய 9 மீட்டர் ஏற்றம். வெப்பமண்டலத்தில் மழை, புயல் எதுவும் இல்லாவிட்டாலும் தினமும் காலை பத்து மணி வாக்கில் அழுத்தம் உச்சத்தில் இருக்கும், மாலை நான்கு மணி வாக்கில் மூன்று நான்கு ஹெக்டோபாஸ்கல் இறங்கியிருக்கும். பத்து மணிக்குக் கிளம்பி நான்கு மணிக்கு அதே வாசலுக்கு வந்தால், வீடு முப்பது மீட்டர் உயர்ந்துவிட்டதாக வாட்ச் சொல்லலாம். பழுது இல்லை, இயற்கை. அதனால் தினசரி ஆபீஸ் வழியில் ஏற்றக் கணக்கைப் பார்க்காதீர்கள். நந்தி மலைக்குப் போனால் பாருங்கள், இல்லை, அங்கேயும் வாட்ச் தேவையில்லை. உச்சி 1,478 மீட்டர். அடிவாரத்தில் இருந்து ஏற்றம் சுமார் 450 மீட்டர். நீங்கள், சைக்கிள், தண்ணீர் எல்லாம் சேர்த்து 88 கிலோ என்றால் அந்த எடையை அவ்வளவு தூக்க 388 கிலோஜூல். ஐம்பது நிமிடத்தில் ஏறினால் புவியீர்ப்புக்கு மட்டும் 129 வாட், உரசலுக்கும் காற்றுக்கும் தனி. செங்குத்தான ஏற்றத்தில் வேகம் குறைவு, காற்றின் பங்கு சிறியது, எடைதான் எல்லாம். அதனால் எடை மெஷினும் சுவர்க் கடிகாரமும் இருந்தால் மலையில் பவர் கணக்குப் போட்டுவிடலாம். ஆறு மாதம் கழித்து அதே ஏற்றம் நாற்பத்தைந்து நிமிடத்தில் முடிந்தால், எடையும் குறையாமல் இருந்தால், நீங்கள் வலுவாகிவிட்டீர்கள் என்பதில் சந்தேகமே இல்லை.

விஓ2 மேக்ஸ் எண் சைக்கிள்காரர்களை அநியாயத்துக்கு வருத்தப்பட வைக்கிறது. நடந்தாலும் ஓடினாலும் வேகத்தையும் துடிப்பையும் சேர்த்துப் பார்த்து ஓரளவு ஊகிக்கலாம். சைக்கிளில் வேகம் எதையும் சொல்லாது, காற்றும் சரிவும் முடிவு செய்கின்றன. பவர் மீட்டர் இல்லாவிட்டால் பல வாட்ச்கள் சைக்கிள் சவாரியை இதற்குக் கணக்கிலேயே எடுப்பதில்லை. எப்போதோ கடைக்கு நடந்ததை வைத்து ஒரு எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும். தூக்கத்தில், எத்தனை மணி நேரம் என்பது பரவாயில்லை, அதிலும் அசையாமல் படுத்து முழித்திருந்ததைத் தூக்கம் என்று சேர்த்துக்கொள்ளும். ஆழ்ந்த தூக்கம், கனவுத் தூக்கம் என்று நிமிடம் நிமிடமாகப் பிரிப்பதை நான் பொருட்படுத்துவதில்லை.

அப்படியானால் எதைத்தான் பார்ப்பது? என்னிடம் வருகிறவர்களுக்கு நான் இரண்டைச் சொல்வேன். ஒன்று, தூக்கத்தில் எடுத்த ஓய்வுத் துடிப்பு. ஒரு நாள் எண்ணை விட்டுவிடுங்கள், வாரச் சராசரியைப் பாருங்கள். மாதக்கணக்கில் மெல்ல இறங்கினால் பயிற்சி பிடித்திருக்கிறது. திடீரென்று ஏழெட்டுத் துடிப்பு ஏறி நின்றால் காய்ச்சல் வரப்போகிறது, தூக்கம் கெட்டிருக்கிறது, முந்தின இரவு குடித்திருக்கிறீர்கள், அல்லது அளவுக்கு மீறி ஓட்டிவிட்டீர்கள். அன்றைக்குப் பேருந்தில் போங்கள். இன்னொன்று, ஒரே வழியில், ஒரே நேரத்தில், ஒரே மாதிரி மிதிக்கும்போது துடிப்பு எவ்வளவு என்பது. உங்கள் ஆபீஸ் வழி இதற்கு அருமையான பரிசோதனைக் கூடம். ஜனவரியில் 140 துடிப்பில் போன அதே தூரம் ஜூலையில் 130இல் முடிந்தால் வேறு சான்று வேண்டாம். வாட்ச் ஐந்து துடிப்பு கூட்டிக் காட்டினாலும் இரண்டு தடவையும் அப்படியே கூட்டிக் காட்டும் என்பதால் வித்தியாசம் பெரும்பாலும் தப்பாது. அதனால்தான் பாதியில் வாட்ச் மாற்றினால் பழைய கணக்கோடு ஒப்பிட முடியாமல் போகிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை, நம் ஆட்களுக்காகவே. பொங்கலுக்கோ கோடை விடுமுறைக்கோ ஊருக்குப் போய், மதுரையிலோ சென்னையிலோ சைக்கிள் ஓட்டிப் பார்த்துவிட்டு, துடிப்பு பதினைந்து ஏறிவிட்டது என்று பயந்து போன் செய்கிறார்கள். வெயிலில் உடம்பைக் குளிர்விக்கத் தோலுக்கு ரத்தம் போகிறது, வேர்வையில் நீர் குறைகிறது, அதே உழைப்புக்கு இதயம் வேகமாக அடிக்க வேண்டியிருக்கிறது. பெங்களூரு 900 மீட்டருக்கு மேல் இருப்பதால் காற்றும் இங்கே கொஞ்சம் லேசு. கடற்கரை ஊரில் அதே வேகத்துக்குச் சற்றுக் கூடுதலாகவே மிதிக்க வேண்டும். ஊரில் எடுத்த எண்ணை ஊர் எண்ணோடும், இங்கே எடுத்ததை இங்கத்தியதோடும் மட்டும் ஒப்பிடுங்கள்.

இப்போது அந்தக் கடைசி வரி. நெருங்கிய ஆண் உறவினருக்கு 55 வயதுக்கு முன்னால் இதய அடைப்பு வந்திருந்தால், அதைத் தனி ஆபத்துக் காரணமாகவே மருத்துவர்கள் எடுத்துக்கொள்வார்கள். உங்கள் அப்பாவுக்கு 52. நீங்கள் நன்றாக ஓட்டுகிறீர்கள், மூச்சு வாங்குவதில்லை என்பது நல்ல விஷயம்தான், ஆனால் அது ரத்தக் குழாயின் உள்பக்கத்தைக் காட்டாது. கொலஸ்ட்ரால், சர்க்கரை, ரத்த அழுத்தம், வாழ்நாளில் ஒரு முறை பார்த்தால் போதும் என்கிற லிப்போபுரோட்டீன் (ஏ) என்ற ரத்தக் கொழுப்பு வகை, இவற்றுக்கான பரிசோதனைகளை எடுத்துக்கொண்டு ஜெயதேவா இதய மருத்துவமனையிலோ உங்களுக்கு வசதியான இடத்திலோ ஓர் இதய மருத்துவரைப் பாருங்கள். டிஎம்டி (டிரெட்மில்லில் நடக்க வைத்து ஈசிஜி எடுக்கும் சோதனை) வேண்டுமா என்று அவர் முடிவு செய்யட்டும். வாட்ச்சில் இருக்கிற ஈசிஜி, துடிப்பு ஒழுங்கில்லாமல் போகும் ஒரு வகைக் கோளாறைக் கண்டுபிடிக்க உதவும், மாரடைப்பைக் கண்டுபிடிக்காது. நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ இறங்கும் வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் வந்தால், வாட்ச் 120 என்று சாதுவாகக் காட்டினாலும் சைக்கிளை ஓரம் கட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மலிவு வாட்ச்களில் ரத்த அழுத்தம், ஊசி குத்தாமல் சர்க்கரை என்றெல்லாம் போட்டிருப்பார்கள். ஊசி குத்தாமல் சர்க்கரை அளப்பதாகச் சொல்லும் எந்த வாட்ச்சுக்கும் தாங்கள் அனுமதி தரவில்லை, நம்ப வேண்டாம் என்று அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. வீட்டில் பெரியவர்கள் அந்த எண்ணைப் பார்த்து மாத்திரையைக் கூட்டிக் குறைக்கிறார்களா என்று ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.

வாங்குவதா வேண்டாமா என்றால், இப்போதைக்கு வேண்டாம். பணம் இருந்தால் முதலில் நல்ல ஹெல்மெட், முன்னும் பின்னும் விளக்கு. இருட்டிய பிறகு ரிங் ரோட்டில் விளக்கில்லாமல் போகிறவர் துடிப்பைப் பற்றிக் கவலைப்படுவதில் அர்த்தம் இல்லை. அடுத்து, சில ஆயிரத்துக்குள் ஒரு மார்பு பெல்ட். உங்கள் வாட்ச் வெளி சென்சாரை ஏற்குமா என்று பாருங்கள், ஏற்காவிட்டால் போன் செயலியில் புளூடூத் வழியாகச் சேர்த்துக்கொள்ளலாம். 30,000 ரூபாயில் கூடுதலாகக் கிடைப்பது இரட்டை அலைவரிசை ஜிபிஎஸ், காற்றழுத்தமானி, வெளி சென்சார்களைச் சேர்க்கும் வசதி, வரைபடம், முக்கியமாக பேட்டரி. நாளைக்கே உங்களுக்கு நெடுந்தூர ஆசை வந்து 200 கிலோமீட்டர் பிஆர்எம்முக்கு (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூரச் சைக்கிள் சவாரி) பெயர் கொடுத்தால் அதற்கு நேர வரம்பு பதின்மூன்றரை மணி நேரம், 300க்கு இருபது. அப்போது ஜிபிஎஸ் ஓடிக்கொண்டிருக்கும் நிலையில் எத்தனை மணி நேரம் சார்ஜ் தாங்கும் என்று கேட்டு வாங்குங்கள். பெட்டியின் மேல் ‘14 நாள்’ என்று போட்டிருப்பது ஜிபிஎஸ் அணைத்து வைத்திருக்கும்போது.